ஒரு நடை உடுத்திய துப்பட்டி

எங்கள் ஊரில் ஏழைகளுக்குப் புதுத்துணி கொடுப்பார்கள், சொந்தக்காரர்களுக்குப் பழையதைக் கொடுப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ரமலான் மாதத்தில் பணக்கார வீடுகள் ஜக்காத்து கொடுக்கும்போது, கடையில் எடுத்த துணியைக் கஞ்சி வாசம் மாறாமல் மடிப்போடு கொடுப்பார்கள். அது மார்க்கக் கடமை. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் தான் உடுத்திய துணியைத் துவைத்து, நீலம் போட்டு, மடித்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பினால் நீயும் நானும் ஒன்று என்று அர்த்தம். அதற்குப் பெயர் ஹதியா, அன்பளிப்பு.

இந்த வித்தியாசம் தெரியாத ஒரு வேலைக்காரனால் என் உம்மா ஒரு வருஷம் வாசலைத் தாண்டாமல் கிடந்தாள். வேலைக்காரனால் என்று சொல்வதுகூடச் சரியில்லை. என் வாப்பாவின் வீம்பால் என்று சொல்ல வேண்டும்.

கீழக்கரைக்கு மேற்கே கடலை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊர் ஆண்களில் பாதிப் பேர் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள், மீதிப் பேர் அந்தக் கடைகளில் வேலை பார்த்தார்கள். வாப்பா இரண்டிலும் சேர்த்தி இல்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார். நல்ல குரல். அந்தக் குரலை உலையில் போட முடியாது என்பதுதான் குறை.

வாப்பாவிடம் இன்னொன்றும் இருந்தது, வம்சம். நாம் நபிகள் வழிவந்தவர்கள், நம் கொடிவழிக்கு ஹதியா ஆகும், ஜக்காத்து ஆகாது என்பார். யார் சொன்னது என்று கேட்டால் அவருடைய வாப்பா சொன்னது என்பார். அவருக்கு யார் சொன்னது என்று நான் ஒருமுறை கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அடுப்பு எரியாத நாளிலும் எங்கள் வீட்டில் வம்சம் எரிந்துகொண்டிருந்தது.

ஜக்காத்து ஆகாவிட்டாலும் துணிக்குக் குறைவில்லாமல் இருந்ததற்குக் காரணம் பெரிய வீட்டு மாமி. வாப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. வருஷத்துக்கு ஒருமுறை, நோன்பு மாதத்தில், அவர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வரும். வாப்பாவுக்குக் கொழும்புக் கைலி, எனக்கு மாமி மகள் போட்டுக் கழித்த கவுன், உம்மாவுக்கு மாமி உடுத்திய துப்பட்டி. துப்பட்டி என்றால் தலையிலிருந்து கால் வரை, முகமும் மறையப் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துணி. அது இல்லாமல் எங்கள் தெருப் பெண் பகலில் வெளியே கால் வைக்க மாட்டாள்.

வாங்குவது எப்படி என்று உம்மா எங்களைப் பழக்கியிருந்தாள். கொண்டுவந்தவர் இருக்கும்போது மூட்டையைப் பிரிக்கக் கூடாது, எடைபோட்டுப் பார்த்த மாதிரி ஆகும். ஓரமாகத் தள்ளியும் வைக்கக் கூடாது, வேண்டாத சாமான் மாதிரி ஆகும். மடியில் வைத்துக்கொண்டு அவரோடு பேச வேண்டும். தெருவில் யாராவது கேட்டால் தலையைக் குனியாமல் எங்க மாமி கொடுத்தாக என்று சொல்ல வேண்டும். நான் கவுனைப் போட்டுக்கொண்டு மாமி மகள் எதிரிலேயே போவேன்.

"இது என்னோடது" என்பாள்.

"முந்தி உன்னோடது" என்பேன்.



அந்த வருஷம் பெரிய வீட்டில் புது வேலைக்காரன். அபிராமத்துப் பக்கத்து ஆள். ஜக்காத்துத் துணிகளையும் எங்கள் மூட்டையையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவன் வீடு வீடாக ஒரே வசனத்தைக் கத்திக்கொண்டு வந்தான். எங்கள் வாசலிலும் கத்தினான்.

"பெரிய வீட்டு ஜக்காத்து வந்திருக்கு, வாங்கிக்கங்க!"

வாப்பா ஓதிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"என்னலே சொன்னே?"

"ஜக்காத்துங்கய்யா. இங்கன கொடுக்கச் சொன்னாக."

"கொண்டு போ."

கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா பதறினாள். "அது ஜக்காத்து இல்லீங்க. மாமியோட துப்பட்டி மேலாப்பிலயே தெரியுது. ஜக்காத்துன்னா புதுசுல்ல கொடுப்பாக? அவன் ஊருக்குப் புதுசு, தெரியாமச் சொல்லுறான்."

"தெரு பூராக் கேட்டுருச்சு."

"கேட்டாக் கேக்கட்டுமே."

"அந்தப் பேரைச் சொல்லி என் வாசல்ல இறக்குன மூட்டை உள்ளே வரப்படாது" என்றார் வாப்பா.

மூட்டை திரும்பிப் போனது. பெரிய வீட்டில் மாமி அதைப் பார்த்துவிட்டு, "நான் உடுத்துனது மோதினார் வீட்டுக்கு நாறுதாமா?" என்று கேட்டதாகச் செய்தி வந்தது. பழசைத் திருப்பி அனுப்பினால் நீ எனக்குச் சொந்தமில்லை என்று சொன்னதாகத்தானே அர்த்தம். மாமிக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. விளக்கம் சொல்ல வாப்பா போகவில்லை. கேட்க அவர்களும் வரவில்லை.

உம்மாவிடம் இருந்த பழைய துப்பட்டி ஒட்டுக்கு மேல் ஒட்டு வாங்கி, அந்தப் பெருநாளுக்குள் ஒட்டுப்போட இடமில்லாமல் கிழிந்தது. அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒருமுறை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் பெண் மறுநாளே தெரு முழுக்க, "மோதினார் பொஞ்சாதி நம்ம துப்பட்டியிலதான் போய்ட்டு வந்தாக" என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு உம்மா யாரிடமும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, மௌத்து விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று என்னிடம் சொல்லி அனுப்புவாள். நான் போய்ச் சொல்வேன். ஊரில் உம்மாவுக்குப் பெரிய சீக்கு என்று பேச்சு கிளம்பியது.

அடுத்த நோன்பு வந்தபோது சாச்சி நிறைமாதம். உம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான், தாய் தகப்பன் இல்லை. ஊரின் மறுகோடியில், கடற்கரைப் பக்கம் வீடு. முதல் பிள்ளை பிறந்தபோதே போய்விட்டது, சாச்சியும் பிழைத்தது பெரிய காரியம். இந்தத் தடவை அக்கா பக்கத்தில் இருந்தால்தான் பெறுவேன் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தாள். உம்மா ஒவ்வொரு முறையும் "வாரேன்னு சொல்லு" என்பாள். எதைப் போர்த்திக்கொண்டு வருவாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் தண்ணி லாத்தாவைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கிணறுகள் உப்பு. மணல் ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வீடுகளுக்கு ஊற்றுகிற பெண் அவர். லாத்தா என்றால் அக்கா. சின்னது பெரிசு எல்லாருக்கும் அவர் லாத்தாதான். புருஷன் கடலில் போய்விட்டான், ஒரு மகள். அந்த மகளுக்கு உம்மா ஓதக் கற்றுக்கொடுத்தாள், அதற்காக லாத்தா எங்களுக்குத் தினம் ஒரு குடம் ஊற்றினார். வாய் திறந்தால் தெரு ஒதுங்கும். அவருக்குத் துப்பட்டி கிடையாது. இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம், துப்பட்டியைப் பிடிக்க ஏது கை? முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போவார். ஏன் மூடவில்லை என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு அவரை யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் லாத்தா நோன்பு திறக்க எங்களுக்கு மீன் குழம்பு, எங்கள் பேச்சில் ஆணம், கொண்டுவந்து வைத்தார். எனக்கு ஒரு சந்தேகம். லாத்தா வீட்டு அரிசி, எண்ணெய் எல்லாம் ஜக்காத்தில் வந்தது என்று ஊருக்கே தெரியும். அப்படியானால் இந்த ஆணம்? வாப்பாவிடம் கேட்டேன். அடி விழும் என்று ஒரு எட்டுத் தள்ளி நின்றுதான் கேட்டேன். ஆச்சரியமாக அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

"அவங்களுக்கு வந்தப்போ அது ஜக்காத்து. அவங்க கைக்கு வந்து அவங்களுக்குச் சொந்தமாயிருச்சு. இப்போ மனசோட நமக்குத் தாராங்க. நமக்கு அது ஹதியா."

"அதே எண்ணெய்தானே வாப்பா?"

"எண்ணெய் அதேதான். கை மாறிருச்சுல்ல."

எனக்குத் தூக்கம் போயிற்று. கை மாறினால் பொருள் எப்படி மாறும்? எந்த இடத்தில் மாறும்? லாத்தா மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்ச் சோதித்துப் பார்த்தேன். ஒரு பேரீச்சம்பழம். நான் பெரிய வீடு, அவள் ஏழை. "இந்தா ஜக்காத்து" என்று கொடுப்பேன். அவள் வாங்கிக்கொண்டு, "இந்தா ஹதியா" என்று திருப்பித் தருவாள். இமைக்காமல் பார்த்தேன். நிறம் மாறவில்லை. கனம் மாறவில்லை. நக்கிப் பார்த்தேன், அதே இனிப்பு. நோன்பு போச்சு என்று அவள் அலறினாள். கடைசியில் பழம் பிசுபிசுவென்று ஆகி மண் ஒட்டிக்கொண்டது. மாறியது அது ஒன்றுதான்.

அப்போது குடத்தோடு வந்த லாத்தா, "என்ன கூத்து இது?" என்றார். வாப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். லாத்தா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"உங்க வாப்பாவா இப்படிச் சொன்னாரு? நல்லாக் கேட்டியா?"

"சத்தியமா."

"சரி, சரி. பழத்தைக் கழுவி வை."

நோன்பின் இருபத்தேழாம் நாள் வந்தது. அன்றுதான் பெரிய வீட்டு ஜக்காத்து. அந்த வருஷம் பெண்களுக்கெல்லாம் துப்பட்டி என்று மொத்தமாக எடுத்துவிட்டார்கள். தண்ணீர் தூக்குகிறவளுக்கும் மாவு இடிக்கிறவளுக்கும் துப்பட்டி எதற்கு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாங்கியவர்களில் பலர் அன்றைக்கே அதை வெட்டிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள்.

சாயங்காலத்து அஸர் தொழுகை முடிந்த நேரம். பெரிய தெருவில் ஒரு பெண் புதுத் துப்பட்டி போர்த்திக்கொண்டு போவதைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. ஆனால் இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து, இல்லாத குடத்துக்கு இடம் விட்டு நடந்தது. குதிகால் வெடிப்பும் தெரிந்தது. பின்னாலேயே ஓடினேன்.

"லாத்தா, நீங்கதானே?"

"கத்தாதே. நான் யாருன்னு இப்ப யாருக்கும் தெரியாது."

"எங்கன போறீக?"

"எங்கயும் இல்ல. போய்ட்டு வாரேன்."

தெருவில் நின்ற ஆண்கள் துப்பட்டியைக் கண்டதும் வழக்கம்போல ஒதுங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெரிய வீட்டு வேலைக்காரன் காலை மடக்கிக்கொண்டு எழுந்து நின்றான். காலையில் லாத்தா குடத்தோடு அவனைத் தாண்டும்போது அந்தக் கால் மடங்காது, லாத்தாதான் சுற்றிப் போவார். லாத்தா மெதுவாக நடந்தார். அவர் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததே இல்லை. தெருக்கோடி வரை போய், கடலைப் பார்த்துக் கொஞ்சம் நின்று, அதே தெரு வழியாகத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் சாச்சி வீட்டு ஆள் ஓடி வந்தது. வலி கண்டுவிட்டது, உடனே வரச் சொல்கிறாள்.

உம்மா எழுந்து நின்றாள். கொடியைப் பார்த்தாள். கொடியில் வாப்பாவின் கைலி மட்டும் தொங்கியது.

"பொழுது இறங்கட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் வாப்பா.

"பொழுது இறங்குற வரைக்கும் வலி நிக்குமா?" உம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முந்தின தடவையும் இப்படித்தான் காலையில ஆரம்பிச்சுச்சு. உங்க வம்சத்தைப் போத்திக்கிட்டுப் போகவா நான்?"

அந்த நேரம் பார்த்து வாசலில் குடம் இறங்கும் சத்தம்.

"மோதினாரே, இருக்கீகளா? மார்க்கத்துல ஒரு சந்தேகம்."

வாப்பா உள்ளிருந்தே, "சொல்லும்மா" என்றார்.

"எனக்கு ஜக்காத்து ஆகுமா?"

"உனக்கு ஆகாம யாருக்கு ஆகும்? தாராளமா ஆகும்."

"வாங்கிட்டேன். இப்ப அது யாரோடது?"

"உன்னோடது."

"பெரிய வீட்டுக்கு அதுல பாத்தியதை உண்டா?"

"கிடையாது."

"கிழிச்சு விளக்குத்திரி போட்டா?"

"உன் இஷ்டம்."

"வேண்டப்பட்டவகளுக்குக் கொடுத்தா?"

வாப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கொடுத்தா... அது ஹதியா."

"ஹதியாவை வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லப்படாது."

"தண்ணி தூக்குறவ கொடுத்தா?"

ஊருக்கே கேட்கும் குரல்காரர், எங்களுக்கே கேட்காத மாதிரிச் சொன்னார். "அப்ப சொல்லவே படாது."

"அப்பச் சரி. ஏ புள்ள, இங்க வா. இதை உங்க வாப்பாகிட்டக் கொடு. மோதினாரே, நல்லாக் கேட்டுக்கங்க. புதுசாக் கொடுத்தா நீங்க ஜக்காத்தும்பீக. அதான் நேத்து ஒரு நடை உடுத்திட்டேன். இப்ப இது பழசு. முனையில தெருப் புழுதிகூட இருக்கு. வேணும்னா மோந்து பாருங்க."

துப்பட்டி என் கைக்கு வந்தது. வாசலுக்கும் வாப்பா நின்ற இடத்துக்கும் நடுவில் நான் நின்றுவிட்டேன். லாத்தா விட்டுவிட்டார், வாப்பா இன்னும் தொடவில்லை. இப்போது இது யாருடையது? மாறுவதென்றால் இங்கேதான் மாற வேண்டும், என் கையில். துணியை உற்றுப் பார்த்தேன். கஞ்சி வாசமும் லாத்தாவின் வியர்வை வாசமும் சேர்ந்து வந்தது.

"ஏன் நிக்கிறே? கொண்டா" என்றார் வாப்பா.

அவர் என்னிடமிருந்து அதை ஒரு கையால் வாங்கியிருக்கலாம். கொடியில் போடு என்று சொல்லியிருக்கலாம். இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கதவோரம் வந்து நின்று, "வாங்கிக்கிட்டோம்மா. அல்லாஹ் உனக்குப் பரக்கத்து செய்வான்" என்றார். பெரிய வீட்டுக் கைலியைக்கூட அவர் இப்படி வாங்கி நான் பார்த்ததில்லை. ஒரு வருஷம் முந்தி இந்தப் பணிவு எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.

"பரக்கத்து வரும்போது வரட்டும்" என்றார் லாத்தா. "மொதல்ல பொஞ்சாதியை அனுப்புங்க. அங்க புள்ள வந்துறப் போகுது."

சாச்சிக்கு அன்று மாலை பெண்குழந்தை பிறந்தது. இரண்டு உயிரும் பிழைத்தன. உம்மா பக்கத்தில் இருந்தாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மறக்காமல் நிற்பது அங்கே போகிற வழியில் நடந்தது.

உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு வெயிலுக்கு வந்தவள், கண் கூசி இரண்டு தடவை தடுக்கினாள். பெரிய தெருவின் நடுவில் தண்ணி லாத்தா எதிரே வந்தார், இடுப்பிலும் தலையிலும் குடம். துப்பட்டி வருவதைப் பார்த்ததும் வழக்கம்போலச் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஒதுங்கினார். கால் தன்பாட்டுக்கு ஒதுங்கியிருக்கும்.

உம்மா நின்றாள். அவ்வளவு அவசரத்திலும் நின்றாள். முகத்தை மூடியிருந்த துப்பட்டியை இரண்டு கையாலும் விலக்கினாள். பட்டப்பகலில், பெரிய தெருவில், கடை வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருக்க, மோதினார் மனைவியின் முகம் வெளியே தெரிந்தது.

"மூடுங்க, மூடுங்க. ஆம்பளைக பாக்குறாக" என்றார் லாத்தா.

உம்மா மூடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த லாத்தா நிமிர்ந்து தன் முகத்தைப் பார்க்கும் வரை அப்படியே நின்றாள். லாத்தா பார்த்தார். தலைக்குடத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தளும்பித் தோளில் விழுந்தது. பிறகு உம்மா துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

"ஏனும்மா தெருவுல தொறந்தீக?" என்று கேட்டேன்.

"வேகமா நட" என்றாள்.

துப்பட்டி கிடைத்ததே மூடிக்கொண்டு போகத்தானே, அதைப் போய் நடுத்தெருவில் திறப்பானேன் என்று எனக்கு விளங்கவில்லை. எதையும் வாப்பாவிடம் சொல்லிவிடுகிற பிள்ளை நான். இதைச் சொன்னால் உம்மாவுக்கு ஏச்சு விழுமா, சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வருமா என்று யோசித்துக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன்.